பால் மறுத்தலும் பால் மறத்தலும்

தலைப்பைக் கண்டதும், "இது தாய்மார் எழுத வேண்டிய விஷயமாயிற்றே, ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு இதில் என்ன வேலை?" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நியாயமே. நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன். பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். ஆயினும், சென்ற மார்கழியில் எங்கள் இல்லத்தில் ஐந்து நாட்கள் நேர்ந்த ஒரு சங்கடமும், அதிலிருந்து நாங்கள் மீண்ட வகையும், ஊரையும் உறவையும் விட்டு இத்தலைநகரில் வாழும் நம்மவருள் ஒரு குடும்பத்துக்கேனும் பயன்படும் என்ற நம்பிக்கையால் இதை எழுதத் துணிந்தேன்.

வந்த மூன்றாம் நாள்

என் மைத்துனன் திருமணம் கார்த்திகையில் கும்பகோணத்தில் நடந்தது. என் மனைவி எங்கள் பெண் குழந்தையுடன் ஒரு மாதம் தாய் வீட்டில் தங்கியிருந்தாள். குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் வகுத்த கணக்குப்படி ஒன்பதாம் மாதம் சப்பாணிப் பருவம். கைகொட்டி ஆடும் காலம். அதற்கேற்பக் குழந்தையும் கல்யாண வீட்டில் எல்லார் மடியிலும் தவழ்ந்து, எல்லாரையும் பார்த்துக் கைகொட்டிக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்ததும் நான் சென்று இருவரையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அழைத்து வந்தேன். சென்னையிலிருந்து புது டில்லிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடும் பயணம். இரண்டாம் இரவு, போபால் தாண்டிய பின், ஒடுங்கிய படுக்கையில் மனைவி பாலூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அடிவாயில் இரண்டு பற்கள் அப்பொழுதுதான் அரும்பியிருந்தன. அது கடித்துவிட்டது. மனைவி தன்னை மறந்து "ஐயோ!" என்று கூவினாள். எதிர்ப் படுக்கையில் உறங்கியவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்தவே நெடுநேரம் ஆயிற்று.

டில்லி வந்தடைந்தபோது எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து கம்பளி உடைகளை எடுத்தோம். தாய்க்கு ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இரண்டு அடுக்குச் சட்டை. மறுநாளே குழந்தைக்கு மூக்கடைத்தது. மூன்றாம் நாள் காலை, தாய் மடியில் இட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீண்டும் அணைத்தபோது முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு அலறியது. நண்பகலிலும் அப்படியே, இரவிலும் அப்படியே. முன்தினம் வரையில் தாயின் முந்தானையைக் கண்டாலே தாவிய குழந்தை!

"என்னங்க, குழந்தை என்னை வேண்டாம் என்கிறதே!" என்று மனைவி அழுதாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய்க் கனத்ததைவிட, அந்தச் சொல்தான் அவளை அதிகம் வருத்தியது என்பதை நான் அறிவேன்.

உரைத்தவர் பலர்

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னோம். "தம்பி, பிள்ளை தானாகவே பால் மறந்துவிட்டது. நாங்களெல்லாம் வேப்பெண்ணெய் தடவிப் பாடுபட்டு மறக்கடித்தோம். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, நல்லதுதான்" என்றார் என் தாயார். கல்யாண வீட்டுக் கண் திருஷ்டி என்றார் ஒருவர். மார்பில் தேன் தடவிப் பாருங்கள் என்றார் மற்றொருவர். ஊரில் பூண்டுக் குழம்பு அதிகம் உண்டதால் பால் கெட்டுவிட்டது என்றார் வேறொருவர். அண்டையில் உள்ள மருந்துக் கடைக்குச் சென்று நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் கடைக்காரர் ஒரு பால்மாவு டப்பாவையும் ஒரு புட்டியையும் எடுத்து முன்னே வைத்தார். கலங்கிய மனத்தோடு இரண்டையும் வாங்கி வந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் மட்டும் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காதோரம் தொட்டதும் அது சிணுங்கியதைக் கவனித்தார். "சபர் கரோ பேட்டி, முதலில் டாக்டரிடம் காட்டு" என்றார். மறுநாள் காலை குழந்தை வைத்தியரான ஓர் அம்மையாரிடம் சென்றோம்.

டாக்டர் அம்மையார் காதைச் சோதித்தார். ஜலதோஷம் காதுக்கு ஏறி உட்புறம் சிவந்திருந்தது. "பாலை உறிஞ்சும்போதும் விழுங்கும்போதும் காதில் வலி கூடும், படுத்த நிலையில் இன்னும் கூடும். மூக்கும் அடைத்திருப்பதால் வாயை மூடி உறிஞ்சினால் மூச்சுவிட வழியில்லை. குழந்தை என்ன செய்யும்?" என்றார். பிறகு என் மனைவியை நோக்கி, "குழந்தை பாலை மறக்கவில்லை, அம்மா, மறுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் சாரம். மற்றவை அதன் விளக்கமே.

இரண்டுக்கும் வேற்றுமை

பால் மறத்தல் என்பது படிப்படியாக நிகழ்வது. குழந்தை முதலில் ஒரு வேளையை விடும். சில வாரம் கழித்து மற்றொரு வேளையை விடும். உணவில் நாட்டம் வளர, பாலில் நாட்டம் தானே தேயும். பெரும்பாலும் ஓராண்டு நிறைந்த பின்னரே இது நிகழும். அப்பொழுது குழந்தையும் அழுவதில்லை, தாயும் வருந்துவதில்லை.

பால் மறுத்தலோ திடீரென வருவது. நேற்று வரை குடித்த குழந்தை இன்று திரும்பிக்கொள்ளும். பசி இருக்கும், ஆனால் மடியை நெருங்கினால் அழும். மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் இது எப்போதும் நேரலாம். மேல்நாட்டு மருத்துவ நூல்கள் இதை வேலைநிறுத்தம் என்ற சொல்லாலேயே குறிக்கின்றன. ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும் உவமை. 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் அலுவலக மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலையை நிறுத்துபவன் வேலையை வெறுத்தவன் அல்லன். அவனுக்கு ஒரு குறை இருக்கிறது. குழந்தையும் அவ்வாறே. வாய் திறந்து குறையைச் சொல்ல அதற்குத் தெரியாது, அவ்வளவே.

இவ்வேலைநிறுத்தம் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களில் தீரும். சில வேளை ஒரு வாரமும் அதற்கு மேலும் நீளும். அந்தச் சில நாட்களில் அவசரப்பட்டு, "பால் மறந்துவிட்டது" என்று முடிவு கட்டுவதால்தான் பல வீடுகளில் தாய்ப்பால் உண்மையாகவே நின்றுபோகிறது. இதற்குள் நிற்பது நஷ்டமா என்று கேட்டால், ஆம், நஷ்டமே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பின் மற்ற உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர்வது நன்று என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதியையோ அதற்கு மேலாகவோ தாய்ப்பால் தரக்கூடும் என்றும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு தரக்கூடும் என்றும் அந்த ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இட்டிலியும் கஞ்சியும் தொடங்கிவிட்டதால் பால் இனி வேண்டாம் என்பது சரியன்று.

குறை எங்கே?

டாக்டர் அம்மையார் கூறியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலில் உடல்நோவு. மூக்கடைப்பு, காதுவலி, பல் முளைக்கும் ஈற்றுநோவு, நாக்கில் வெண்மையாக மாவு படிதல், வாய்ப்புண் ஆகிய ஏதேனும் இருந்தால் உறிஞ்சுவதே வேதனை. ஆகவே, குழந்தை திடீரென மறுத்தால் முதற்காரியம் வைத்தியரிடம் காட்டுவதே. காதில் எண்ணெய் விடுவதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது.

இரண்டாவது அச்சம். கடித்தபோது தாய் கூவினால், சில குழந்தைகள் அந்த அதிர்ச்சியை மடியோடு சேர்த்து நினைவில் கொள்ளும். தாயையும் குறை சொல்வதற்கில்லை. பல் பட்டால் யார்தான் கூவாமலிருப்பார்?

மூன்றாவது மணம். இதை நான் முதலில் நம்பவில்லை. மக்ஃபர்லேன் என்னும் ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தில் நடத்தி 1975-ல் வெளியிட்ட சோதனையில், பிறந்து பத்து நாள்கூட நிறையாத சிசுக்கள், தம் தாயின் மார்புக் கச்சில் வைத்த துணியின் பக்கமே அதிகமாகத் தலை திருப்பின. மற்றொரு தாயின் துணியின் பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை. பத்து நாள் சிசுவுக்கே இவ்வளவு மோப்பம் என்றால் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கேட்பானேன்? புதிய சோப்பு, வாசனைப் பவுடர், வலித்தைலம் எதுவும் அதைக் குழப்பலாம். இதைக் கேட்டதும் எங்கள் இருவர் பார்வையும் ஒருங்கே மனைவியின் ஸ்வெட்டர் மேல் சென்றன. எட்டு மாதம் பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு கிடந்த கம்பளி அது! கும்பகோணத்தில் பருத்திப் புடைவையின் மணத்தில் பால் குடித்த குழந்தை, டில்லியில் பாச்சை உருண்டை நெடியில் தாயைத் தேட வேண்டியிருந்தது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன், சில வகை இரத்தக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு நெடியாலேயே தீங்கு செய்யக்கூடியது என்றும் டாக்டர் எச்சரித்தார். டில்லிவாழ் தமிழர் அனைவரும் இதை மனத்தில் கொள்க: குளிர்காலத் துணிகளைத் துவைத்து நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தை உள்ள வீட்டில் உடுத்த வேண்டும்.

பூண்டைப் பற்றிய பழி மட்டும் பொய்யாயிற்று. அமெரிக்காவில் மெனெல்லா, போஷாம்ப் என்ற இருவர் 1991-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாய் பூண்டு உட்கொண்ட பின் பாலில் அதன் மணம் ஏறியபோது குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் பால் குடித்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுத்த நம் பாட்டிமார் தவறு செய்யவில்லை.

நான்காவது பிரிவும் மாறுதலும். தாய் வேலைக்குத் திரும்புதல், நெடும்பயணம், புதிய வீடு, விருந்தினர் கூட்டம் ஆகியவை. மத்திய அரசில் பணிபுரியும் தாய்மாருக்கு 2008 முதல் 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. விடுப்பு முடிவதும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவதும் ஏறக்குறைய ஒரே சமயம். பகலெல்லாம் புட்டியில் தடையின்றி ஒழுகும் பாலைப் பழகிய குழந்தை, மாலையில் தாய் மடியில் பால் இறங்கும் வரை பொறுக்காமல் சீறுவதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

இன்னும் சில உண்டு. மாதவிலக்கு மீண்டும் வரும்போதோ, மறுபடி கருவுற்றபோதோ பாலின் சுவையும் அளவும் மாறலாம். மார்பில் அழற்சி கண்டால் பால் சற்று உவர்க்கும். சப்பாணிப் பருவக் குழந்தைக்கு உலகமே வேடிக்கை. கதவு திறந்தால் திரும்பும், காக்கை கத்தினால் திரும்பும். அதை வெறுப்பென்று கொள்ளலாகாது.

எங்கள் குழந்தைக்கு இவற்றுள் காது, கடி, கம்பளி மூன்றும் ஒருங்கே நேர்ந்தன. எது முதற்காரணம் என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஐந்து நாள் செய்தவை

டாக்டர் மூன்று கட்டளைகள் இட்டார். குழந்தை பட்டினி கிடக்கலாகாது, பால் வற்றலாகாது, மடி போர்க்களமாகலாகாது.

"பசித்தால் தானே குடிக்கும், விட்டுவிடு" என்பார் உண்டு. அது தவறு. பசி மிகுந்த குழந்தை இன்னும் அதிகமாக ஆத்திரப்படுமே அன்றி இணங்காது. ஆகவே, குழந்தை வழக்கமாகக் குடிக்கும் வேளைதோறும் மனைவி கையால் பாலைப் பீய்ச்சி எடுத்தாள். அதைப் புட்டியில் இடாமல் பாலாடையால் புகட்டினோம். சங்கு என்றும் இதைச் சொல்வர். என் பாட்டி எனக்குப் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடை, என் தாயார் சீராகக் கொடுத்தனுப்பியது, சமையலறை அலமாரியில் கறுத்துக் கிடந்தது. அதைப் புளியிட்டுத் துலக்கிக் கொதிநீரில் இட்டு எடுத்தோம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இக்கருவியை இந்திய மருத்துவமனைகள் பலவும் பயன்படுத்துகின்றன. ஆங்கில மருத்துவ நூல்களும் இதைப் பாலாடை என்ற பெயராலேயே எழுதுகின்றன என்று டாக்டர் சொன்னபோது தமிழனாகிய எனக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. சிறு கிண்ணமும் கரண்டியும் கூடப் போதும்.

பீய்ச்சிய பால், அறையின் வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் கெடாது. டில்லிக் கோடையில் 25 டிகிரி என்பது கனவாகையால், அப்பொழுது உடனே பெட்டியில் வைப்பதே உத்தமம். பாலைக் கொதிக்க வைக்கலாகாது. பால் உள்ள பாத்திரத்தை வெந்நீரில் சற்று வைத்தால் போதும்.

பீய்ச்சி எடுப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. இறைக்கிற கிணறு ஊறும் என்பது நம் பழமொழி. மார்பு நிறைந்தபடியே இருந்தால், இனி வேண்டாம் என்று உடல் அறிந்து சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். குழந்தை திரும்பி வரும் நாளில் பால் இல்லாமற்போனால் பயன் என்ன? பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வராமலும் இது காக்கும்.

என் பங்கு பேரேடு. பழைய நோட்டு ஒன்றில் நான்கு பத்திகள் கோடிட்டேன்: நேரம், பீய்ச்சிய பால், புகட்டிய பால், நனைந்த துணி. முதல் நாள் நனைந்த துணி 4 தான். மூன்றாம் நாள் 7 ஆயிற்று. அந்த எண்ணைக் கண்ட பிறகே என் மனைவி ஒரு வாய் சோறு உண்டாள். வேடிக்கையன்று, குழந்தைக்குப் போதிய பால் சேர்கிறதா என்பதை அறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ஆறு, எட்டு மணி நேரம் சிறுநீரே கழியாமை, நாவறட்சி, கண்ணீரின்றி அழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், குழந்தை துவண்டு கிடத்தல் இவற்றுள் எது கண்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது கட்டளையே கடினமானது. தலையைப் பிடித்து மார்போடு அழுத்தினால் வெறுப்புத்தான் வளரும். குழந்தை திரும்பிக்கொண்டால், சரி என்று விட்டு, தோளில் சாய்த்துக் கொஞ்சிப் பிறகு பார்க்க வேண்டும். பகலில் வெயில் விழும் ஜன்னலோரம், கதவைச் சாத்தி, கம்பளிகளைக் களைந்து, குழந்தையை வெற்றுடம்போடு மார்பில் சார்த்தி, மேலே துவைத்துலர்ந்த பழைய பருத்திப் புடைவையைப் போர்த்திக்கொண்டு மனைவி அமர்ந்தாள். பாலூட்டுவதற்காக அல்ல, சும்மா இருப்பதற்காக. மடி மீண்டும் இன்பமான இடமாக வேண்டும் அல்லவா? மூக்கடைப்புக்கு டாக்டர் தந்த உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு வேளைக்கும் முன் இட்டோம். காது நோகாதவாறு படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்தோம்.

எல்லாவற்றிலும் பலித்தது, தூக்கக் கலக்கத்தில் கொடுப்பதே. விழித்தபோது மறுக்கும் குழந்தை அரைத்தூக்கத்தில் மறுப்பதில்லை. எதிர்வீட்டு மூதாட்டியாரும் தம் அனுபவத்தில் அதையே சொன்னார்; விளக்கை அணைத்து, நடந்துகொண்டே கொடு என்றார்.

தேன் யோசனையை டாக்டர் கண்டிப்பாக மறுத்தார். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியால் உயிருக்கே ஆபத்தான வாத நோய் உண்டாகலாம். நம் வீடுகளில் சேனை தொட்டு வைக்கும் வழக்கமும் இதனால் விடத்தக்கதே.

டப்பாவின் கதை

வாங்கி வந்த பால்மாவு டப்பா அலமாரியில் இருந்தது. நான்காம் இரவு, மனைவி அதையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். எழுந்து கையிலெடுத்துப் படித்தாள். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. அது கம்பெனியின் தயாளம் அன்று, சட்டத்தின் கட்டளை.

1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கு ஒரு நெறிமுறையை வகுத்தது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. அதையொட்டி நம் பாராளுமன்றம் 1992-ல் சட்டம் இயற்றி, 1993 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. இதன்படி பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ கூடாது. கலங்கிய தாய் ஒருத்தி இரவில் தனியே டப்பாவின் முன் அமர்ந்திருக்கும் வேளையை எண்ணியே இச்சட்டம் இயற்றப்பட்டது போலும் என்று எனக்கு அன்று தோன்றியது.

இதனால் பால்மாவை நஞ்சென்று சொல்ல வந்தேன் அல்லன். தாய்ப்பால் இல்லாத இடத்தில், வைத்தியர் சொல்லும் அளவில், சுத்தமான நீரில் கலந்து கொடுப்பது அவசியமே. பீய்ச்சிய பால் போதாத குழந்தைக்கு அதைக் கொடுப்பதில் குற்றமும் இல்லை. டாக்டர் சொல்லாமல் கலக்கத்தில் தொடங்குவதே தவறு.

ஐந்தாம் இரவு

அன்றிரவு மின்சாரம் தடைப்பட்டது. வீடு முழுதும் இருள். குழந்தை அரைத்தூக்கத்தில் முனகியது. மனைவி எழுந்து, அறைக்குள் நடந்துகொண்டே மெல்லத் தாலாட்டினாள். பிறகு தாலாட்டு நின்றது; நடையும் நின்றது. நெடுநேரம் ஓசையே இல்லை. விளக்கு வந்தபோது பார்த்தேன். அவள் சுவரோடு சாய்ந்து நின்றபடியே பாலூட்டிக்கொண்டிருந்தாள். பேசாதீர்கள் என்று கண்ணால் சைகை செய்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து, பேரேட்டில் நேரத்தை மட்டும் குறித்தேன்: இரவு 2 மணி 10 நிமிடம்.

மறுநாள் பகலில் மறுபடி ஒருமுறை மறுத்தது, மாலையில் குடித்தது. மூன்று நாளில் பழைய நிலை திரும்பிற்று. பேரேட்டை மூடிவிட்டேன்.

என் தாயாரிடம் தெரிவித்தபோது, அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "உன் அண்ணனும் ஏழாம் மாதத்தில் இப்படித்தான் திரும்பிக்கொண்டான். மறந்துவிட்டான் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். அழுதுகொண்டே நிறுத்தினேன்" என்றார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த அழுகை அவர் குரலில் அன்றும் இருந்தது. வேப்பெண்ணெய்க் கதையைச் சிரித்தபடி சொன்னவர், இதை அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இது புதிய விஷயமும் அன்று. பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தில், இரவும் பால் உண்ணாமல் உறங்கி உச்சிவேளை வரை எழாத கண்ணனை யசோதை பாலுண்ண அழைக்கும் பதிகம் ஒன்று உண்டு. பால் உண்ணாத பிள்ளைக்காகத் தாய் தவிப்பதை ஆழ்வாரே பாடியிருக்கிறார் என்று சொன்னதும் என் மனைவி சிரித்தாள். அவ்வாரத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

சில வீடுகளில் எல்லாம் செய்தும் குழந்தை திரும்பாமற்போகலாம். அது தாயின் தோல்வி அன்று. பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் கொடுப்பதும் தாய்ப்பாலே. அதுவும் இயலாதபோது அணைப்பும் கொஞ்சலும் எவராலும் பறிக்க முடியாதவை. குழந்தை மறுத்தது பாலை, தாயை அன்று.

நம் கடமை

டில்லியில் இன்று உதவி இல்லாமலில்லை. லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2017-ல் தாய்ப்பால் வங்கியும் பாலூட்டும் தாய்மாருக்கான ஆலோசனை நிலையமும் திறக்கப்பட்டன. வெளியிடங்களில் பாலூட்ட இடம் வேண்டும் என்று 2018-ல் ஓர் ஒன்பது மாதக் குழந்தையின் பெயராலேயே டில்லி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் இத்தகைய அறைகளை அமைக்க வற்புறுத்தியது. நம் தமிழகத்திலோ 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன.

ஆனால், நள்ளிரவில் அழும் குழந்தையோடு தவிக்கும் இளந்தாய்க்கு முதலில் வேண்டுவது அறையும் அன்று, வங்கியும் அன்று; "எனக்கும் இப்படி நேர்ந்தது, திரும்பிவிடும், பொறு" என்று சொல்லும் ஒரு வாய். ஊரில் திண்ணைக்கு ஒரு பாட்டி இருந்தார். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நமக்குப் பாட்டி ஏது? ஆகவே, பிள்ளை வளர்த்த சகோதரிகள் அனைவரும் தம் மாடிப்படியில் புதிதாய்க் குழந்தை பெற்றவளுக்கு ஒரு பாட்டியாக வேண்டும். கணவன்மார்களோ, குறைந்தபட்சம், பாலாடையைத் துலக்கிக் கொடுத்துப் பேரேடு எழுதலாம்.

எங்கள் வெள்ளிப் பாலாடை இப்பொழுது பளபளப்பாக இருக்கிறது. வேண்டியவர் எங்கள் வீட்டுக்கு வந்து இரவல் பெற்றுச் செல்லலாம்.